வாய் தைத்த பாக்கெட்

ட்ரையல் ரூம் கண்ணாடியில் மாப்பிள்ளையைக் காணோம். தினமும் பார்க்கிற ஆள்தான் நின்றுகொண்டிருந்தான். கருப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, தொண்டைக்குழி வரை ஏற்றிப் போட்ட பொத்தான், முகத்தில் ‘சொல்லுங்க சார்’ என்று ஒரு பணிவு. வேலை செய்கிற ஹோட்டலின் விருந்து ஹாலில், தூண்களில் பதித்திருக்கும் கண்ணாடிகளில், இவன் குறுக்கே போகும்போதெல்லாம் கூடவே போகிற அதே ஆசாமி. கையில் தட்டு மட்டும்தான் குறைச்சல். அதையும் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிட்டால் இப்போதே வேலையைத் தொடங்கிவிடலாம்.

“என்னடா, உள்ளயே குடும்பம் நடத்தப் போறியா? வெளிய வா, பாக்கலாம்!”

திரைக்கு அப்பால் அக்கா. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஒரு வண்டி நிறைய வாண்டுகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்துப் பழகிய குரல் அது. கடையில் அவளுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர், அந்த அதட்டலுக்குத் திடுக்கிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். இவன் வெளியே வந்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை, காலிலிருந்து தலை வரைக்கும் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு, அக்கா தன்னையறியாமல் சொன்னாள்:

“நாலு சூப்பு, ரெண்டு ஜூஸ்.”

சொன்ன கையோடு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். இவனுக்கும் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சிரிக்காமல் உம்மென்று உட்கார்ந்திருந்தது.

ஹோட்டலில் அவனுக்கு ‘ட்ரே’ என்றுதான் பெயர். நிறைய கிளாஸ்களை அடுக்கிய ட்ரேயை ஒரே கையில் தோளுக்கு மேலே ஏந்திக்கொண்டு, நாற்காலிகளுக்கும் குழந்தைகளுக்கும் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் நடுவில் தண்ணீர்ப்பாம்பு மாதிரி நெளிந்துபோய், ஒரு சொட்டு சிந்தாமல் திரும்புகிறவன். எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான். மேடையில் வேர்த்து வழிகிற மாப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே தண்ணீர் கொண்டுபோய் நீட்டியிருக்கிறான். மாப்பிள்ளை என்பவன் கடைசி வரை தண்ணீர் கேட்கத் தெரியாத ஒரு ஜீவன் என்பது அவன் கண்டுபிடிப்பு. இப்போது அவனே மாப்பிள்ளை. விருந்து, அவன் வேலை செய்கிற அதே ஹாலில்.

“வெளிய எங்கயும் அலையாத, நம்ம ஹால்லயே வெச்சுக்கோ” என்று முதலாளியே சொல்லிவிட்டார். பெரிய மனசுதான். ஆனால் அந்தப் பெரிய மனசுக்குள் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. அன்றைக்குப் பரிமாறப் போகிறவர்கள் எல்லாரும் இவனுடைய கூட்டாளிகள். எல்லாரும் கருப்புக் கோட்டில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொரு கருப்புக் கோட்டாக இவன் மேடையை விட்டு இறங்கி நாலடி வைத்தால், பெண் வீட்டு உறவுக்காரர் யாராவது ஒருவர் விரலைச் சொடுக்கி, “தம்பி, இந்த டேபிளுக்கு ஸ்பூன் வரல” என்று சொல்லத்தான் போகிறார். சொன்னால்கூடப் பரவாயில்லை. இவன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். அதுதான் பயமே.

பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. பெண் பேசி முடிக்கப் போன அன்று, அவர்கள் வீட்டு ஹாலில் எல்லாரும் டீ குடித்து முடித்தார்கள். முடித்த அடுத்த நொடி இவன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இடது முன்கையில் வரிசையாக ஏற்றிக்கொண்டு, சாஸரையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சமையலறை வாசல் வரைக்கும் போய்விட்டான். பெண்ணின் அம்மா பதறிப்போய் எழுந்து நின்றார். அப்போதுதான் பெண்ணின் அண்ணன் அதைச் சொன்னார். “விடுங்க மாப்பிள்ள, இங்க டிப்ஸ் கிடையாது.” வீடே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது இவன்தான். கேலியை அடுத்தவர் முடிப்பதற்கு முன் நாமே சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது இவன் அனுபவத்தில் கற்ற வைத்தியம். மீதிப் பாதிக்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சிரிக்காதவள் ஒரே ஒருத்தி. அவள்தான் பெண். விழாக்களுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஹாலின் ஒரு மூலையில், ஆளுயர ஸ்பீக்கருக்குப் பின்னால், பொத்தான்கள் முளைத்த ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். விருந்து முடிந்து விளக்கணைக்கிற வரைக்கும் அங்கே ஓர் ஆள் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு நாள் இவன் ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்து அங்கே கொண்டுபோனான். “நான் இங்க இருக்கேன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். அப்புறம் மற்றதெல்லாம் நடந்தது. ‘ட்ரேக்கும் மைக்குக்கும் கல்யாணம்’ என்று சமையல்கட்டு முழுக்கப் பேச்சு.

கப்பு அடுக்கிய சம்பவத்துக்கு மறுநாள் அவள் போனில் சொன்னாள். “இங்க பாருங்க. நீங்க எந்தக் கோட்டு வேணா போடுங்க, எந்தக் கலர்ல வேணா போடுங்க. கல்யாணத்தன்னைக்கு உங்க கையில ஒரு தட்ட பாத்தேன், மைக்க வாங்கி ஊருக்கே சொல்லிடுவேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“‘மாப்பிள்ளையைக் காணோம், கண்டுபிடிச்சுத் தாங்க’ன்னு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கியது. அது விளையாட்டு இல்லை என்று இவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாயங்காலம், யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் நிற்பது. நின்றே தீருவது. அதற்கு முதல் படி கோட்டு. கோட்டு சரியாக அமைந்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்று நம்பினான்.

“கோட்டு எடுக்க அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. அந்தச் சாக்குலயாவது ரெண்டு பேரும் பேசிப் பழகுங்க” என்றும் அவள் சொல்லியிருந்தாள். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையைத் திறந்து ஆளை உட்கார வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இன்னும் வரவில்லை. வராமல் இருந்தால்கூடத் தேவலை என்று இவனுக்கு உள்ளூர ஓர் ஆசை.

“கருப்பு வேணாம். நீலம் காட்டுங்க” என்றாள் அக்கா.

சேல்ஸ்மேன் நீலத்தோடு வந்தான். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் சொருகிய சாக்குக்கட்டி, வாயில் மாறாத ஒரு வாக்கியம். “இது சாருக்குன்னே பொறந்த கோட்டு மேடம்.”

நீலத்தைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தான். “வேணாங்க்கா. ரிசப்ஷன்ல சாவி எடுத்துக் குடுக்குறவங்க போடுறது.”

“சாம்பல்?”

“மேனேஜர்.”

“இந்தா, கருஞ்சிவப்பு. நல்லா எடுப்பா இருக்கே!”

“வாசக்கதவு தெறந்து விடுறவரு.”

“சந்தனக் கலரு?”

“பேண்ட் வாசிக்கிறவங்க.”

அக்கா ஒரு பச்சைக் கோட்டை எடுத்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். இவன் அவளுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. “கார் பார்க் பண்ணி விடுறவங்க” என்றான்.

“அடப்பாவி, உங்க ஹோட்டல்காரன் வானவில்லயே மொத்தமா குத்தகைக்கு எடுத்துட்டானா?” என்று அக்கா கோட்டை மேஜைமேல் போட்டாள். சேல்ஸ்மேன் மட்டும் மனம் தளரவில்லை. இதுவரைக்கும் சாருக்கென்றே பிறந்த கோட்டுகள் ஒரு குடும்பம் அளவுக்குச் சேர்ந்திருந்தன. அவன் இன்னொரு பிள்ளையைப் பெற்றெடுக்க உள்ளே போனான்.

ஒவ்வொரு கோட்டிலும் இவன் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். ஹோட்டலில் கொடுக்கிற கோட்டுகளில் பாக்கெட் இருக்கும். மடிப்பும் மூடியும் எல்லாம் லட்சணமாக இருக்கும். ஆனால் வாயைத் தைத்திருப்பார்கள். “கை பாக்கெட்டுக்குள்ள போச்சுன்னா மனசு வீட்டுக்குப் போயிடும்” என்பது சூப்பர்வைசரின் தத்துவம். ஆகவே, பாக்கெட்டுக்குள் போக வழியில்லாத இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டு, கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, உலகமே தன் வீட்டு முற்றம் என்பதுபோல நிற்கிற விருந்தாளிகளை இவன் பார்த்திருக்கிறான். அது வேறு ரகக் கோட்டு, பெரிய மனுஷர்களுக்கு ஆள் பேர் சொல்லித் தைப்பது என்று நினைத்திருந்தான். இந்தக் கடையிலாவது அந்த ரகம் இருக்காதா என்று ஒரு நப்பாசை. கருப்பில் விரலை நுழைத்துப் பார்த்தான், தையல். நீலத்தில் பார்த்தான், தையல். சாம்பலில், சிவப்பில், சந்தனத்தில், எல்லாவற்றிலும் தையல். சரிதான், நமக்கு விற்கிற கோட்டெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது, பாக்கெட் என்பது புருவம் மாதிரி, ஓர் அழகுக்கு என்று நினைத்துக்கொண்டான். கேட்கவும் வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்குக் கோட்டு எடுக்க வந்தவன், ‘இதில் பாக்கெட் திறக்குமா’ என்றா கேட்பான்?

சேல்ஸ்மேன் கொண்டுவந்தது திரும்பவும் கருப்பு. ஆனால் காலரில் மட்டும் பளபளப்பாக ஒரு சாட்டின் துணி. “இத ஒருவாட்டி போட்டுப் பாருங்க சார், இது வேற லெவல்.” அக்கா டை பார்க்க எதிர்ப்பக்கம் போயிருந்தாள். இவன் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வெளிச்சத்தில் பார்க்கலாமே என்று பெரிய கண்ணாடிப் பக்கம் நடந்தான்.

“தம்பி, தண்ணி.”

சோபாவிலிருந்து குரல் வந்தது. போனைப் பார்த்தபடி யாரோ ஒருவர். அவ்வளவுதான். இவன் மூளை அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்பே கால்கள் கேட்டுவிட்டன. மூலையில் தண்ணீர் கேன் இருந்தது. பக்கத்தில் கிளாஸ்கள், பாழாய்ப்போன ஒரு சின்ன ட்ரே வேறு. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிக் கறை பார்த்தான். முக்கால் அளவு நிரப்பினான். அடியைத் துடைத்தான். ட்ரேயில் வைத்து, இடது கை முதுகுக்குப் பின்னால் போக, இடுப்பிலிருந்து லேசாகக் குனிந்து, வலது பக்கமாக வந்து நீட்டினான்.

“ஐஸ் இல்லாம குடுக்கலாங்களா சார்?”

“ம்” என்று கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டார் அவர்.

அப்போதுதான் இவன் பார்த்தான். கனத்த கருப்பு ஃபிரேம் கண்ணாடி. காதோரம் ஒழுங்காக வெட்டிய நரை. பெண்ணின் அண்ணன். மச்சான்.

இவனுக்கு இன்னும் வழி இருந்தது. அவர் நிமிரவில்லை. அப்படியே ட்ரேயோடு பின்வாங்கி, ட்ரையல் ரூமுக்குள் நுழைந்து, சொந்தச் சட்டையோடு வெளியே வந்து, ‘வாங்க மச்சான், இப்பதான் வந்தீங்களா?’ என்று கேட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற மனிதர் வாழ்நாள் முழுக்க அதைத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். இரண்டடி பின்வாங்கக்கூடச் செய்தான். பிறகு கால்கள் நின்றுவிட்டன. இத்தனை வருஷமாக அவனைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்த கால்கள், முதல் தடவையாக அவன் சொன்னதைக் கேட்டு நின்றன.

“டேய்!”

அக்கா. கையில் ஒரு டை, கண்ணில் ஒரு நெருப்பு. கடை முழுக்கத் திரும்பியது. மச்சானும் நிமிர்ந்தார். முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார், பிறகு ட்ரேயைப் பார்த்தார், ட்ரேயிலிருந்து கோட்டு வழியாக மெல்ல மேலே ஏறிக் கடைசியில் முகத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

“மாப்பிள்ள...” என்று எழுந்தார். “நான்... கோட்டுல ஆள் தெரியல.”

“கோட்டுல தெரியலன்னா கல்யாணத்துல எப்படிங்க தெரியும்?” என்றாள் அக்கா. வேனில் கடைசி சீட்டில் நடக்கிற சண்டையைக்கூடக் கண்ணாடியிலேயே பார்த்து அடக்குகிறவள், இப்போது குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அன்னைக்கும் எம் தம்பி கோட்டோடதான நிக்கப் போறான்? அப்ப அவன்கிட்ட என்ன கேப்பீங்க? கேக்கா, ஐஸ்கிரீமா?”

“அக்கா, விடு.”

“நீ சும்மாரு! உனக்கு எங்கடா போச்சு புத்தி? தண்ணின்னா ஓடணுமா? நம்ம வேன்ல மூணு வயசுக் குழந்த கேட்டாக்கூட நான் ‘பாட்டில்ல இருக்கு பாரு’ன்னுதான் சொல்லுவேன்!”

மச்சான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் பாக்கல மாப்பிள்ள. வேணும்னு செய்யல. நிஜமா பாக்கல.”

“பாக்க மாட்டாங்க மச்சான்” என்றான் இவன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. வேலையைப் பற்றி விவரம் சொல்கிற மாதிரிதான் சொல்ல வந்தது. “பாக்காம இருக்கத்தான அந்தக் கோட்டே குடுக்குறாங்க.”

குற்ற உணர்ச்சி வந்த மனிதர்கள் இரண்டு வகை: பேச்சை நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு வகை, பர்ஸைத் திறந்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. மச்சான் இரண்டாவது. “இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடுங்க” என்று சேல்ஸ்மேனிடம் திரும்பினார். “கூட்டத்துல ஒரு பய கண்ணுக்கும் தப்பக் கூடாது. நான் வாங்கித் தரேன். என் கணக்கு.”

சேல்ஸ்மேன் இந்த நாளுக்காகவே தவம் இருந்தவன் போல, கண்ணாடிப் பேழைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வந்தான். பொன்நிறம். உடம்பு முழுக்க ஜிகினா நூலில் கொடியும் இலையும் ஓடியது. பொத்தான்கள் ஒவ்வொன்றும் சின்ன நிலா மாதிரி. “இது சாருக்குன்னே...” என்று ஆரம்பித்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முதல் தடவையாகப் பாதியில் விட்டான்.

அக்காவுக்கும் அது பிடித்துத்தான் போயிற்று. “போட்டுக் காட்டுடா. வாசல்ல நிக்கிறவனுக்குக்கூட மேடையில யாருன்னு தெரியணும்.”

இவன் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நிச்சயமாகப் பார்த்தார்கள். மேஜிக்காரன் தொப்பிக்குள்ளிருந்து முயல் எப்போது வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்தார்கள். கைகளைத் தூக்க முடியவில்லை. ஜிகினா அக்குளில் குத்தியது. அது பெரிய விஷயமில்லை. ஒரு சாயங்காலம் குத்தினால் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பினபோதுதான் அதைக் கவனித்தான். பொன்நிறக் கோட்டுக்குப் பின்னால், முதுகுத்தண்டின் அடியில், இடது கை. தானாகப் போய், தானாக மடிந்து, உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து அந்த லேசான குனிவு. ஆளைத் தங்கத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். தண்ணி என்று யாராவது சொன்னால் தங்கத்தோடு ஓடுவான்.

வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் நிற்கிற அன்றைக்கு ஹாலில் நடமாடப்போகிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாட்டின் காலர் இல்லாத, முழங்கை பளபளத்துப்போன கருப்புக் கோட்டுகள். அவன் கல்யாணத்துக்காக லீவே எடுக்காமல், ‘உன் விருந்துல ஒரு ஸ்பூன்கூடக் கீழ விழாதுடா’ என்று சத்தியம் பண்ணியிருக்கிறவர்கள். அவர்கள் நடுவில் இந்த ஜிகினாவைப் போட்டுக்கொண்டு, நான் உங்கள் ஆள் இல்லை, என்னைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று மின்னிக்கொண்டு நிற்பதா?

கோட்டைக் கழற்றி மடித்தான். ஜிகினா நசுங்காமல் மெதுவாக மடித்தான். சேல்ஸ்மேன் கையில் கொடுத்தான்.

“அந்தக் கருப்பே குடுங்க.”

“டேய், உனக்கென்ன பைத்தியமா? இவ்வளவு நடந்தப்புறம் திரும்பவும் அதே கருப்பா?”

“கருப்புதான் அக்கா. அன்னைக்கு அங்க நிக்கிறவங்க எல்லாம் கருப்புலதான் நிப்பாங்க. அவங்கள மாதிரி தெரியக் கூடாதுன்னு நான் பளபளன்னு போய் நின்னா, மறுநாள் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?” மச்சானிடம் திரும்பினான். “கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க குடுக்கறத நான் வேணாம்னு சொல்லல. கோட்டு மாத்துனா சரியாகாது. அதான்.”

மச்சான் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, புரியாமல் ஆட்டினாரா என்று சொல்ல முடியாது. கிளாஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதைக் குடித்தால் தப்பாகிவிடுமோ, குடிக்காவிட்டால் தப்பாகிவிடுமோ என்று யோசித்து, கடைசியில் கசப்பு மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கருப்பைப் போட்டுக்கொண்டான். சேல்ஸ்மேன் தோள்களைத் தட்டிச் சரிசெய்து, சாக்குக்கட்டியால் கையின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டான். இவன் தொண்டையைச் செருமினான். பெண் கேட்கப் போன அன்றைக்குக்கூட இவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

“ஏங்க... இதுல பாக்கெட் வெச்சுத் தருவீங்களா?”

“பாக்கெட் இருக்கே சார்.”

“இருக்கு. வாயத் தச்சிருக்கு.”

சேல்ஸ்மேன் ஒரு கணம் விழித்தான். “ஐய, அது சும்மா ஓட்டுத் தையல் சார். கடையில தொங்கும்போது வாய் தொங்கிடக் கூடாதுன்னு கம்பெனிலயே போட்டு அனுப்புவாங்க. வாங்குனப்புறம் எல்லாரும் பிரிச்சுக்குவாங்க.”

“எல்லாக் கோட்டுலயுமா?”

“எல்லாத்துலயும் சார். பெரிய பெரிய ஆளுங்க வாங்குறதுலயும் அப்படித்தான் வரும்.”

இவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம். ஹோட்டல் கோட்டுகளில் இருந்ததும் இதே ஓட்டுத் தையல்தான் போலிருக்கிறது, எவனோ ஒருவன் பிரிக்கச் சொல்லாததால் பிரிக்காமல் விட்ட தையல்கள். அக்காவைப் பார்த்தான். அக்கா டையை உருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் ஏதோ தூசி.

“கத்திரி குடுங்க” என்றான்.

“நான் பிரிச்சுத் தரேன் சார்.”

“இல்ல. குடுங்க.”

சின்னக் கத்திரியை வாங்கி, மூடியைத் தூக்கி, முதல் தையலின் கீழே முனையை நுழைத்தான். நறுக். வலுவில்லாத நூல்தான், மீதி எல்லாம் விரலால் இழுத்ததும் ஒரே இழையாகக் கழன்று வந்தது. உள்ளே இடது கையை விட்டான். புதுத் துணியின் குளிர்ச்சி. அவ்வளவு ஆழம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டான். முதுகு தானாக நிமிர்ந்தது, அல்லது நிமிர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் நின்ற ஆசாமியை இவனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவன் போலத் தெரிந்தான்.

“நாலு சூப்பு கேக்கவா?” என்றாள் அக்கா, சோதிக்கிற குரலில்.

“அந்தப் பக்கம் கருப்புக் கோட்டுல ஒருத்தர் நிப்பாரு, அவர்கிட்ட கேளுங்க மேடம்” என்றான். அக்கா சிரித்த சிரிப்பில் சோபாவில் இருந்தவர்கள் மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் மச்சான், காலி கிளாஸை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் மேஜை இல்லை. சோபாவின் கைப்பிடி சரிவாக இருந்தது. எதிரே கருப்புக் கோட்டு நின்றுகொண்டிருந்தது. அவருடைய கை, அவரைக் கேட்காமலே, இவன் பக்கமாக நீண்டது. கைகளுக்கும் அவரவர் பழக்கம் உண்டு. கிளாஸ் பாதி தூரம் வந்தது.

பாக்கெட்டுக்குள் இவனுடைய இடது கை துடித்தது. விரல்கள் விரிந்தன. அந்தக் கிளாஸின் கனம், அடியின் ஈரம், அதை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். இவன் அதை உள்ளேயே இறுக்கி மூடினான். பல்லைக் கடித்துக்கொண்டு, மச்சானின் முகத்தைப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் நின்றான். ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

கிளாஸ் பாதியிலேயே நின்றது. மச்சான் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி, தண்ணீர் கேன் இருக்கிற மூலைக்கு நடந்தார். வைத்துவிட்டு வருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் அந்தக் கிளாஸை வைத்துவிட்டு வேறொரு கிளாஸை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை வெளிச்சத்தில் பார்த்தார். நிரப்பினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் விளிம்பு வரைக்கும் நிரப்பிவிட்டார்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இவனை நோக்கித் திரும்பி வந்தார். கண்ணை எடுக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. கிளாஸைப் பார்த்து நடந்தால் சிந்தும், போகிற இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்ல இவன் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. கையையும் வெளியே எடுக்கவில்லை. கடையின் விளக்குகள் எல்லாம் அந்தத் தண்ணீரின் விளிம்பில் நடுங்கிக்கொண்டே வந்தன. முதல் சொட்டு மச்சானின் ஷூவில் விழுந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. இன்னும் மூன்று நான்கு அடி பாக்கி இருந்தது.